ஸ்டீராய்டு என்றால் ஊக்கமருந்தா?

"ஸ்டீராய்டு எனப்படும் ஊக்கமருந்து" என்ற தொடர் விளையாட்டுச் செய்திகளில் தொடங்கி, இப்போது மருத்துவக் கட்டுரைகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. இது பொருந்தாத மொழிபெயர்ப்பு மட்டுமன்று, நோயாளிக்குத் தீங்கு செய்யும் மொழிபெயர்ப்பும்கூட.

வேர் எளியது. கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது. பித்தப்பைக் கல்லில் கிடைத்த கெட்டிப்பொருள் கொலஸ்ட்ரால் ஆயிற்று. அதன் பின்பாதியிலிருந்து ஸ்டீரால் வந்தது; ஸ்டீராலை ஒத்தது ஸ்டீராய்டு. ஊக்கம், வலிமை என்ற பொருள் இந்த வேரில் எங்குமே இல்லை.

அப்படி ஒரு பொதுப்பெயர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட்டின் ஆய்வுகளைப் பார்த்தால் போதும். 1929-இல் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தார். அதே ஆண்டு அமெரிக்க உயிர்வேதியியலாளர் டாய்சியும் பிரித்தார். 1931-இல் காவலர்களிடம் திரட்டிய சுமார் 15,000 லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி வடித்துப் பெற்ற ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வெறும் 15 மில்லிகிராம். 1934-இல் 50,000 பன்றிகளின் சூலகங்களிலிருந்து கிடைத்த, கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் 20 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூடத் தேறாது. பெண்ணுடலில் ஒன்று, ஆணுடலில் ஒன்று, கர்ப்பத்தைத் தாங்க ஒன்று என வேலை வெவ்வேறு, சட்டகம் ஒன்றே. மூன்று அறுகோண வளையங்களும் ஓர் ஐங்கோண வளையமும் ஒட்டி நிற்கும் 17 கார்பன் அணுக்கள். அந்தச் சட்டகத்துக்குச் சூட்டிய பெயராகத்தான் 1936 வாக்கில் 'ஸ்டீராய்டு' புழக்கத்துக்கு வந்தது. 1939-இல் வேதியியலாளர் ருசிக்காவுடன் பூட்டனான்ட்டுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நாஜி அரசு ஏற்க விடவில்லை. பட்டயம் கைக்கு வந்தது 1949-இல்.

ஸ்டீராய்டு என்பது அமைப்பைச் சொல்லும் பெயர். ஊக்கமருந்து என்பது பயன்பாட்டைச் சொல்லும் பெயர், அதிலும் விதி மீறிய பயன்பாட்டை. இரண்டையும் ஒன்றாக்க முடியாது. போட்டிகளில் பிடிபடும் எரித்ரோபொயட்டின் ஒரு புரதம்; ஆம்பெட்டமின் நரம்பைத் தூண்டும் வேறொரு சேர்மம். இரண்டும் ஊக்கமருந்து, இரண்டும் ஸ்டீராய்டு அல்ல. மறுபுறம், நம் செல்களின் உறையிலிருக்கும் கொலஸ்ட்ராலும் ஸ்டீராய்டு வகைதான். புரோஜெஸ்டிரானின் முதன்மையான வேலைகளில் ஒன்று கருப்பைத் தசை சுருங்காமல் அமைதியாக வைத்திருப்பது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அழற்சியையும் நோயெதிர்ப்பையும் அடக்குகிறது. அமைதிப்படுத்துவதையும் அடக்குவதையும் ஊக்கமருந்து என்று எழுதுவது சொல்லையே தலைகீழாக்குவது.

இதன் விளைவு வீட்டில் தெரியும். ஆஸ்துமாவுக்கோ மூட்டழற்சிக்கோ வாரக்கணக்கில் பிரெட்னிசலோன் விழுங்குபவர், "இது ஊக்கமருந்தாம்" என்று பயந்து ஒரே நாளில் நிறுத்துகிறார். மாத்திரை வந்துகொண்டிருந்த காலத்தில் மூளையடிச் சுரப்பியின் கட்டளை குறைந்து, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, உடல் தானே செய்யும் ஸ்டீராய்டான கார்டிசாலின் உற்பத்தியைச் சுருக்கியிருக்கும். அது மறுபடி விழித்தெழ நாளாகும். அதற்குள் தளர்ச்சி, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி என உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் படிகளில்தான் அளவைக் குறைக்க வேண்டும். செயற்கைக் கருத்தரிப்புக்குப் பிறகு புரோஜெஸ்டிரான் எடுக்கும் பெண்ணுக்கும் இதே வீண் அச்சம்.

தனித்தமிழில்தான் வேண்டும் என்றால் 'நால்வளையம்' என்று ஆக்கலாமே என்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் பெயருக்கே நால்வளையம் என்றுதான் பொருள். அது ஸ்டீராய்டு அல்ல. வளையங்களின் எண்ணிக்கை போதாது, அவை இணையும் விதமும் வேண்டும். ஹார்மோனுக்கு வைத்த 'இயக்குநீர்' என்பதிலும் 'இயக்கு' மிகப் பொருத்தம். 1905-இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லுக்கு எடுத்தாண்ட கிரேக்க வேருக்கு அதுவே பொருள். 'நீர்'தான் இடறுகிறது. புரோஜெஸ்டிரான் வெண்ணிறப் படிகம். தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். அதனால்தான் எள்ளெண்ணெய் போன்ற எண்ணெயில் கரைத்து, தசைக்குள் ஊசியாகப் போடுகிறார்கள்.

அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு நகர்வது மொழிபெயர்ப்பு ஆகாது. தமிழ்ச்சொல் என்பதற்காகவே தவறான சொல்லை ஏற்கவும் முடியாது. ஸ்டீராய்டு என்றே எழுதி, முன்னே ஓர் அடைமொழி சேர்த்தால் போதும்: உடற்பயிற்சிக் கூடத்தில் புழங்குவது 'தசை வளர்க்கும் ஸ்டீராய்டு', ஆஸ்துமாக்காரருக்குத் தருவது 'அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு', புரோஜெஸ்டிரான் 'கர்ப்பம் காக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்'. 'ஊக்கமருந்து' விளையாட்டுச் செய்தியிலேயே இருக்கட்டும்.