டூ ஸ்டேஜ் ட்ரிகர்: இரட்டை விசை அல்ல, இருகட்ட விசை

துப்பாக்கியைச் சுட விரலால் இழுக்கும் உறுப்புதான் ட்ரிகர். அதில் ஒரு வகையான ‘டூ ஸ்டேஜ் ட்ரிகர்’ என்பதை ‘இரட்டை விசை’ என்று யாராவது எழுதினால் எனக்கு மனசு கேட்பதில்லை. இரட்டை விசை என்றால் இரண்டு விசைகள். அப்படிப்பட்ட துப்பாக்கியும் உண்டு. இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில் குழலுக்கு ஒன்றாக, முன்னும் பின்னுமாக இரண்டு விசைகள் இருக்கும். டூ ஸ்டேஜ் ட்ரிகரில் இருப்பதோ ஒரே விசை, ஒரே இழுப்பு. அந்த இழுப்பின் வழியில் விரல் ஓரிடத்தில் முட்டி நிற்கும். விஷயமே அந்த முட்டில்தான் இருக்கிறது.

முதலில் ட்ரிகர் என்ற சொல். டச்சு மொழியில் ‘ட்ரெக்கன்’ என்றால் இழுப்பது. அதிலிருந்து பிறந்த ‘ட்ரெக்கர்’ 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ‘ட்ரிக்கர்’ என்று நுழைந்து, பின்னர் இன்றைய உருவத்துக்கு வந்தது. ஜெர்மானியரின் ‘அப்ட்ஸுக்’ என்ற சொல்லும் இழுப்பதைத்தான் குறிக்கிறது.

தமிழில் இதற்குக் குதிரை, விசை, விசைவில் என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. குதிரை அழகான சொல். வீணையில் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கும் அதே பெயர்தான். ஆனால் பழைய துப்பாக்கிகளில் குதிரை என்பது மேலே வளைந்து நின்று, சுடும்போது முன்னால் பாய்ந்து அடிக்கிற உறுப்பு. விரல் இழுப்பது வேறு, பாய்வது வேறு. இரண்டையும் குதிரை என்றே சொன்னால் எதை இழுத்தோம், எது பாய்ந்தது என்று குழம்பிப்போகும். ஆகவே குதிரையை அந்தப் பாய்கிற உறுப்புக்கே விட்டுவிடலாம்.

விசையிலும் ஒரு சிக்கல் உண்டு. இயற்பியல் பாடத்தில் அது வேறு பொருள் தருகிறது. விசைத்தறி, விசைப்படகு, விசைப்பலகை என்று வேறு பக்கங்களுக்கும் போய்விட்டது. ட்ரிகரை இழுக்க வேண்டிய பலத்தை ‘விசையின் விசை’ என்றா எழுதுவது? அங்கே மட்டும் ‘இழுப்பு எடை’ என்று எழுதினால் போதும், கிராமில்தானே அளக்கிறோம். ஆஸ்துமாவைக் கிளப்பும் தூசு போன்றவற்றையும் ஆங்கிலத்தில் ட்ரிகர் என்கிறார்கள். அதற்குத் ‘தூண்டி’ பொருந்தும், துப்பாக்கிக்குப் பொருந்தாது.

சரி, இந்த ‘ஸ்டேஜ்’ என்னவென்று பார்ப்போம். துப்பாக்கிக்குள் வலுவான சுருள்வில் ஒன்று, தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியையோ குதிரையையோ முன்னால் தள்ளத் துடித்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு சிறிய கொக்கி. ஆங்கிலத்தில் ‘சியர்’ என்பார்கள். நாம் பிடிகொக்கி என்று சொல்லலாம். இந்தக் கொக்கி ஆழமாகப் பற்றியிருந்தால் பாதுகாப்பு. துப்பாக்கி கீழே விழுந்தாலும் எளிதில் நழுவாது. ஆனால் விசையை இழுக்கும்போது நீளமாக, கரகரவென்று வரும். மயிரிழை அளவே பற்றியிருந்தால் இழுப்பு சுருக்கமாக, பட்டென்று முடியும். ஆனால் ஓர் அதிர்ச்சிக்கே வெடித்துவிடும் ஆபத்து உண்டு.

இந்த இழுபறிக்குக் கண்ட வழிதான் இரண்டு கட்டங்கள். விரல் படாதவரை கொக்கி முழு ஆழத்தில் பற்றியிருக்கும். விரலை வைத்து மெல்ல இழுத்தால், முதல் கட்டத்தில் பிடியின் பெரும்பகுதி விலகிவிடும். பிறகு ஒரு முட்டு. அங்கே மயிரிழைப் பிடிதான் மிச்சம். அதற்கு மேல் கொஞ்சம் அழுத்தினால் குண்டு போகும். சுட வேண்டாம் என்று தோன்றினால் விரலைத் தளர்த்தலாம். கொக்கி பழைய ஆழத்துக்கே திரும்பிவிடும். கேமராவில் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து, அங்கேயே நிறுத்தி, பிறகு முழுதாக அழுத்துகிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே உணர்வு.

சிங்கிள் ஸ்டேஜில் இந்த முதல் கட்டமே கிடையாது. விரல் வைத்ததுமே முட்டில்தான் நிற்கிறோம். நல்ல விசை என்றால் சந்தையில் பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பது மாதிரி இருக்கும்: அசையவே அசையாது, சட்டென்று ஒடியும். மோசமான விசை முற்றின வெண்டைக்காய். வளையும், இழுக்கும், எப்போது விடும் என்றே தெரியாது. இந்த இழுவையை ‘க்ரீப்’ என்கிறார்கள். ‘ஊர்வு’ என்று தமிழில் சொல்லலாம். இருகட்ட விசையில் முதல் கட்டத்தின் நகர்வு ஊர்வு ஆகாது. முட்டுக்குப் பிறகும் நகர்ந்தால்தான் அது ஊர்வு, அதுதான் குறை. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

படைகள் இருகட்ட விசையை விரும்பியதற்குக் காரணம் அந்த ஆழமான பிடிதான். சேற்றிலும் குளிரிலும் உருண்டு புரள வேண்டிய துப்பாக்கிக்கு மயிரிழைப் பிடி ஆகாது. 1898இன் ஜெர்மானிய மவுசர் ரைபிளில் விசையின் தலையில் இரண்டு மேடுகள் இருக்கும். முதல் மேடு வேலை செய்யும்வரை முதல் கட்டம். இரண்டாவது மேடு தொட்டதும் நெம்புகோலின் கணக்கு மாறி விரலுக்குக் கனம் கூடும், அதுதான் முட்டு. நம் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்துப் பழகிய, இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரான ‘த்ரீ நாட் த்ரீ’ லீ என்ஃபீல்டிலும் இதே இரண்டு மேட்டு உபாயம்தான். அமெரிக்காவின் எம்1 காரண்டும் இருகட்டம். ஆனால் எம்16 ஒருகட்டம். ரெமிங்டன் 700 போன்ற வேட்டை ரைபிள்களும் அப்படியே.

எது மேல்? ஒருகட்ட விசை எளிமையானது, சுருக்கமானது. அடுத்தடுத்து வேகமாகச் சுடுகிறவர்களுக்குக் கைகொடுக்கும். நிதானமாகக் குறிபார்க்க என் ஓட்டு இருகட்டத்துக்குத்தான். மொத்த இழுப்பு எடை 1500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்திலேயே விரல் 1000 கிராமைத் தாங்கிவிட்டால், கடைசி நொடியில் கூட்ட வேண்டியது 500 கிராம்தான். குறி கலைவதும் அந்த நொடியில்தானே.

கடலூரில் பிறந்த துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில், இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். அந்த ரைபிள்களுக்குக் குறைந்தபட்ச இழுப்பு எடை என்று விதியே இல்லை. ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். ஆகவே சுமார் 100 கிராமுக்குக்கூட விசையை இறக்கி வைக்கிறார்கள். அவ்வளவு லேசான விசையில் முட்டு இல்லையென்றால் விரல் எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

நான் முதன்முதலில் ஏர் ரைபிள் பிடித்த நாளில் பயிற்சியாளர் ஸ்டேஜ் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. “முட்டுற வரைக்கும் வாங்க தம்பி. முட்டுச்சா? நில்லுங்க. மூச்சு அடங்கட்டும். இப்ப நெனச்சா மட்டும் போதும்” என்றார். விரல் நுனியில் அந்தத் தடை தட்டுப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஜெர்மானியர் அந்த இடத்தை ‘ட்ருக்புங்க்ட்’, அதாவது அழுத்தப் புள்ளி என்கிறார்கள். இருகட்ட விசைக்கு அவர்கள் வைத்த பெயரே அதிலிருந்து வந்ததுதான். நமக்கு ‘முட்டு’ போதும்.

‘ஸ்டேஜ்’ என்பதற்கு நிலையைவிடக் கட்டமே சரி. நிலை என்றால் நிற்பது. இங்கே நடப்பது ஒரு நகர்வின் பகுதி. இரண்டு கட்டத் தேர்தல் என்கிறோமே, அந்தக் கட்டம்.

ஆகவே: இருகட்ட விசை, ஒருகட்ட விசை. எடுத்துக்காட்டு: ‘இந்த ரைபிளுக்கு இருகட்ட விசை. முதல் கட்டம் நீளம், முட்டு தெளிவு, முட்டுக்குப் பின் ஊர்வு இல்லை.’