ஃபைல் இருக்கிறது, மென்பொருளுக்குத்தான் வழி தெரியவில்லை

நேற்று இரவுவரை ஒழுங்காக ஓடிய வீடியோ எடிட்டிங் ப்ராஜெக்டைக் காலையில் திறக்கிறீர்கள். கிளிப்புகளை வரிசையாக அடுக்கிய டைம்லைன் முழுக்கச் சிவப்பு. எங்கே நிறுத்திப் பார்த்தாலும் 'மீடியா ஆஃப்லைன்' என்ற ஒரே அறிவிப்பு. பதறிப்போய் ஹார்டு டிஸ்கைத் திறந்தால் எல்லா ஃபைலும் அப்படியே இருக்கின்றன, தனியாக இயக்கினால் ஓடவும் செய்கின்றன. எடிட்டிங் மென்பொருளுக்கு மட்டும் அவை கண்ணில் படவில்லை.

ப்ராஜெக்ட் ஃபைலின் அளவைப் பார்த்தால் காரணம் பாதி புரிந்துவிடும். 500 ஜிபி புட்டேஜை வைத்து மாதக்கணக்கில் எடிட் செய்திருப்பீர்கள், ப்ராஜெக்ட் சில எம்பிதான் இருக்கும். அதற்குள் ஒரு ஃபிரேம் படம்கூடக் கிடையாது. கணக்குப் புத்தகத்தில் பணம் இருக்காதே, அதுபோலத்தான். இந்த டிஸ்கில், இந்த ஃபோல்டரில், இந்தப் பெயரில் உள்ள ஃபைலை எடு. அதன் 14ஆவது விநாடியிலிருந்து 19ஆவது விநாடிவரை மட்டும் காட்டு. இப்படி ஆயிரக்கணக்கான குறிப்புகளின் தொகுப்பு அது. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளின் ப்ராஜெக்ட் ஃபைல், ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்புதான். பிரதி ஒன்றை எடுத்து, சுருக்கத்தைப் பிரித்து, நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு ஃபைலும் இருக்கும் வழியைக் கண்ணாலேயே படிக்கலாம். ஒருமுறை செய்து பாருங்கள், பயம் பாதி போய்விடும்.

அசலைத் தொடாமல் குறிப்பை மட்டும் வைத்து வேலை செய்யும் இந்த ஏற்பாட்டைக் கணினி கண்டுபிடிக்கவில்லை. ஃபிலிம் காலத்தில் எடிட்டிங் முடியும்வரை நெகட்டிவில் யாரும் கத்தரி வைக்கமாட்டார்கள். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் பிரதி எடுத்து, அதைத்தான் வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். நெகட்டிவின் ஓரத்தில் அடிக்கு ஒன்றாக எண்கள் பதிந்திருக்கும். 35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடி என்பது 16 ஃபிரேம். பிரதி எடுக்கும்போது அந்த எண்களும் பிரதிக்கு வந்துவிடும். எடிட்டிங் முடிந்ததும் பிரதியிலுள்ள எண்களைப் பார்த்துப் பார்த்து அசல் நெகட்டிவை வெட்டுவார்கள். 1990இல் கோடாக் இந்த எண்களைப் பார்கோடாகவும் அச்சிட ஆரம்பித்தது. வீடியோ டேப் வந்தபோது அந்த இடத்துக்கு டேப்பைக் குறிக்கும் ரீல் பெயரும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேர எண்ணான டைம்கோடும் வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண் ஃபிலிமின் உடம்பிலேயே இருந்தது. டப்பாவை எந்த அலமாரியில் வைத்தாலும் அது மாறாது. கணினிக்கு வந்ததும் நாம் ஃபைலை அது கிடக்கும் இடத்தை வைத்து அடையாளம் காட்ட ஆரம்பித்தோம். 'நீ யார்' என்ற கேள்விக்கு 'எங்கே இருக்கிறாய்' என்பது பதிலாகிவிட்டது. ஆஃப்லைன் தொல்லை எல்லாமே இங்கிருந்துதான் பிறக்கிறது.

இடம் மாற எத்தனையோ காரணங்கள். விண்டோஸில் நேற்று இ: என்ற எழுத்தைப் பெற்ற வெளி டிஸ்க், வேறு கணினியில் எஃப்: ஆகலாம். மேக்கில் எழுத்துக்குப் பதிலாக டிஸ்கின் பெயர்தான் வழியில் வரும். ஆனால் ஒரே பெயருள்ள இரண்டு டிஸ்குகளைச் சேர்த்துச் செருகினால் இரண்டாவதின் வழியில் ஓர் '1' ஒட்டிக்கொள்ளும். ஃபோல்டரின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் இதே கதைதான்.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சுவாரஸ்யமான சிக்கல் இருக்கிறது. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க' பக்கத்தில் ஒகரக்குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே இருக்கும் பைட்டுகள் வேறு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் அமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும், விண்டோஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கு 'கொடி' என்ற ஃபைல் 'கொடி' என்ற ஃபைலிலிருந்து வேறாகிவிடும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் புட்டேஜுக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் போதும் என்று விட்டுவிட்டேன்.

சரி, அறுந்த இணைப்பை மறுபடி இணைக்கும்போது, அதாவது ரீலிங்க் செய்யும்போது, என்ன நடக்கிறது? காணாமல் போன ஃபைலுக்கு நீங்கள் ஒரு புது இடத்தைக் காட்டுகிறீர்கள். அது பழைய ஆள்தானா என்று மென்பொருள் சில அடையாளங்களைச் சரிபார்க்கிறது. பெரும்பாலும் முதலில் பார்ப்பது பெயர். அதோடு ஃபைல் வகை, தொடங்கும் டைம்கோடு, நீளம், ரீல் பெயர் என்று மென்பொருளுக்கு மென்பொருள் பட்டியல் மாறும். எதெதெல்லாம் பொருந்த வேண்டும் என்பதைப் பிரீமியரில் நீங்களே டிக் செய்யலாம். ஒரு ஃபைல் கிடைத்ததும், அதற்கும் மற்றவற்றுக்கும் இடையே பழைய வழியில் இருந்த உறவை வைத்து மீதியையும் அதுவே கண்டுபிடிக்கும். அதனால்தான் முழு ஃபோல்டரையும் உள்ளமைப்பு குலையாமல் நகர்த்தியிருந்தால் ஒரே கிளிக்கில் நூறு கிளிப் உயிர்பெறுகிறது. எல்லாவற்றையும் 'வசதிக்காக' ஒரே ஃபோல்டரில் கொட்டியிருந்தால் அந்த வித்தை பலிக்காது.

சிவப்புத் திரையைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று: மென்பொருள் தவறான ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டு, எந்த அறிவிப்பும் இல்லாமல் வேலையைத் தொடர்வது. கேமராக்கள் ஃபைலுக்குச் சி0001, சி0002 என்று பெயர் வைக்கும். கார்டை மாற்றினாலோ அழித்தாலோ எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்படி பல கேமராக்களில் அமைத்திருப்பார்கள். இரண்டு கேமரா, ஒவ்வொன்றுக்கும் மூன்று கார்டு என்றால் சி0012 என்ற பெயரில் ஆறு ஃபைல்கூட இருக்கலாம். ஒரு நேர்காணலில் எனக்கு இது நடந்தது. டிஸ்க் மாற்றி ரீலிங்க் செய்த பிறகு, பேசுபவர் முகம் வரவேண்டிய இடத்தில் காலியான நாற்காலி வந்தது. அது உடனே தெரிந்ததால் தப்பித்தேன். அதே ஆள், அதே சட்டை, வேறொரு பதில் வந்திருந்தால் வெளியிடும்வரை கவனித்திருக்கமாட்டேன்.

டைம்கோடையும் சேர்த்துச் சரிபார்த்தால் போதாதா என்று கேட்கலாம். தொழில்முறைக் கேமராவில், டைம்கோடை நாளின் நேரத்தோடு ஓடவிட்டிருந்தால் போதும்தான். மலிவான கேமராக்களும் போன்களும் பல நேரம் டைம்கோடே எழுதுவதில்லை. அப்போது எல்லா கிளிப்பும் பூஜ்ஜியத்தில் தொடங்குவதாகவே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஊரில் எல்லோருக்கும் ஒரே பிறந்த நாள் என்றால் அதை வைத்து யாரை அடையாளம் காண்பது?

ஆவிட் என்ற எடிட்டிங் மென்பொருள் இதில் வேறு வழியில் போகிறது. அது வழக்கமாகத் தன்னிடம் வரும் மீடியாவை எம்எக்ஸ்எஃப் என்ற வடிவ ஃபைல்களாக மாற்றித் தனக்கென்று ஒதுக்கிய ஃபோல்டரில் வைக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் 32 பைட் நீளமுள்ள ஓர் அடையாள எண் இருக்கும். அந்த ஃபோல்டரில் இருக்கும் தரவுத்தள ஃபைல்கள் எந்த எண் எந்த ஃபைலில் உள்ளது என்ற அட்டவணையை வைத்திருக்கும். அட்டவணை கெட்டுப்போனால் அந்தத் தரவுத்தள ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு ஆவிடைத் திறப்பார்கள். அது எல்லா மீடியாவையும் மறுபடி படித்துப் புது அட்டவணை போட்டுக்கொள்ளும். ஃபிலிம் ஓரத்து எண் திரும்பி வந்த மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கேமரா ஃபைலை நேரடியாக டைம்லைனில் போட்டு எடிட் செய்யும் சுகத்தை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும்.

உள்ளடக்கத்தையே அடையாளமாகக் கொண்டால் இன்னும் உறுதி. ஃபைலின் எல்லா பைட்டையும் கணக்கில் எடுத்து எம்டி5, எக்ஸ்எக்ஸ்ஹேஷ் போன்ற முறைகளில் ஒரு சிறு எண்ணை உண்டாக்கலாம். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். கார்டிலிருந்து டிஸ்குக்கு நகல் எடுக்கும் மென்பொருள்கள் இதை வைத்துத்தான் நகல் சரியா என்று சோதிக்கின்றன. எடிட்டிங் மென்பொருள் இதைச் செய்யாததற்குக் காரணம் எளிய கணக்கு. விநாடிக்கு 150 எம்பி படிக்கும் டிஸ்கில் 500 ஜிபியை முழுதாகப் படிக்க ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். ப்ராஜெக்டைத் திறக்க ஒவ்வொரு முறையும் யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்?

அதோடு, சில நேரம் வேறு ஃபைலோடு இணைப்பதுதான் நமக்கு வேண்டியதே. எடிட்டிங்குக்காக அசலிலிருந்து உருவாக்கும் லேசான நகலான ப்ராக்ஸி அப்படித்தான். 1080 அளவில், விநாடிக்கு 29.97 ஃபிரேம் ஓடும் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவம் விநாடிக்குச் சுமார் 220 மெகாபிட் எடுக்கும், அதாவது மணிக்கு ஏறத்தாழ 99 ஜிபி. அதே காட்சி ப்ரோரெஸ் ப்ராக்ஸியில் 45 மெகாபிட், மணிக்கு 20 ஜிபி சொச்சம். லேசானதை வைத்து எடிட் செய்து கடைசியில் அசலுக்கு மாறுகிறோம், ஆக இது திட்டமிட்ட ரீலிங்க். படத்தின் அளவும் தரமும் எப்படி வேண்டுமானாலும் மாறலாம். பெயர், ஃபிரேம் வேகம், நீளம், தொடக்க டைம்கோடு, ஆடியோ சேனல்களின் எண்ணிக்கை இவை மாறக்கூடாது. போன் வீடியோக்கள் இங்கேதான் காலை வாரும். பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், ப்ராக்ஸியோ சீரான வேகத்தில் உருவாகும். அசலுக்கு மாறியதும் வெட்டுகள் சில ஃபிரேம் தள்ளி விழும். போன் புட்டேஜை முதலிலேயே சீரான வேகத்துக்கு மாற்றி, அதையே அசலாக வைத்துக்கொள்வது நிம்மதி.

பெயர் மாற்றுவதென்றால் மென்பொருளுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். தேதி, கேமரா, கார்டு எண் மூன்றையும் முன்னால் ஒட்டினாலே சி0012 குழப்பம் தீரும். ஆனால் பழைய சிஎம்எக்ஸ் 3600 வடிவத்தில் எடிட் பட்டியல் (எந்த கிளிப்பின் எந்தப் பகுதி எங்கே வரும் என்ற குறிப்பு) அனுப்பும் வழக்கம் இருந்தால், அதில் ரீல் பெயருக்கு 8 எழுத்துதான் இடம் என்பதை நினைவில் வையுங்கள். நீண்ட பெயரின் வால் வெட்டுப்பட்டு இரண்டு கிளிப் மறுபடி ஒன்றாகிவிடும். கார்டில் கேமரா உண்டாக்கிய ஃபோல்டர் அமைப்பையும் கலைக்காமல் அப்படியே நகலெடுங்கள். சில வடிவங்களில் ஒரே கிளிப்பின் விவரங்கள் பல ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும்.

வேலை முடிந்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேகரித்து வைக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. சேகரித்ததும் அந்தப் ப்ராஜெக்டைத் திறந்து பார்ப்போம், எல்லாம் ஓடும், பழைய டிஸ்கை அழித்துவிடுவோம். அது ஓடியதே பழைய டிஸ்கிலிருந்துதான் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரியவரும். அதனால் பழைய டிஸ்கைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அப்புறம் புதுப் பிரதியைத் திறந்து முதல் ஃபிரேமிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள்.