பிளேட்லெட் குறைந்தாலே டெங்குதானா?

"கவுன்ட் எட்டாயிரம்தான் இருக்கு டாக்டர், டெங்குவா?" என்று கேட்டுக்கொண்டே ஓர் அப்பா ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கைதான் அந்த கவுன்ட், இருக்க வேண்டியது 1.5 லட்சத்துக்கு மேல். கூட வந்த மகள் கல்லூரியில் படிக்கிறவள், இரண்டு வாரமாக விடாத வறட்டு இருமல், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அமாக்சிசிலினை ஐந்து நாள் விழுங்கியும் குறையவில்லை. காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே சிவப்பு மையைத் தெளித்தது மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள். விரலால் அழுத்தினால் கொசுக்கடி வெளிறும். இவை வெளிறவில்லை, தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது.

டெங்கு நெகட்டிவ். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளைத் திட்டு, காரணம் மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. அதற்குச் செல்சுவரே கிடையாது, அமாக்சிசிலின் உடைக்கப் பார்ப்பதோ அந்தச் சுவரைத்தான், அப்புறம் எப்படிக் கேட்கும்? அசித்ரோமைசின் கொடுத்தோம்.

சரி, நெஞ்சுச் சளிக்கும் பிளேட்லெட்டுக்கும் என்ன சம்பந்தம்? கிருமியை அடிக்க உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகளில் சில, ஆள் தெரியாமல் நம் பிளேட்லெட்டிலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன, ஒட்டியதை மண்ணீரல் பிடித்து அழித்துவிடுகிறது. இப்படி ரத்தத்தில் ஏதோ ஒன்று பிளேட்லெட்டை அழிக்கிறது என்பதை 1950இல் அமெரிக்காவில் ஹாரிங்டன் என்ற டாக்டர், இப்படிப் பிளேட்லெட் குறைந்த ஒரு நோயாளியின் ரத்தத்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டு கண்டுபிடித்தார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. (யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!)

அதனால்தான் பை பையாகப் பிளேட்லெட் ஏற்றினாலும் இதில் பெரிதாக நிற்பதில்லை, வந்ததையும் மண்ணீரல் விழுங்கிவிடும். ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தால்தான் ஏற்றுவோம். பப்பாளி இலைச் சாறும் இந்த ஆன்டிபாடியை ஒன்றும் செய்யாது. தேவை, உடம்பின் இந்தத் தப்பான தாக்குதலை அடக்கும் ஸ்டீராய்டு. ஆனால் நம் ஊரில் நாள்பட்ட இருமலுக்குச் சளியில் காசநோய் பார்க்காமல் ஸ்டீராய்டைத் தொடக்கூடாது, காசநோயும் சில சமயம் இப்படிப் பிளேட்லெட்டைக் குறைக்கும். இவளுக்கு அது இல்லை, ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினோம்.

இந்த நேரத்தில் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், இடுப்பில் ஊசி எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் நிற்காமல் வந்தால், மலம் கறுப்பாகப் போனால், திடீரென்று தலைவலி மண்டையைப் பிளந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நான்காம் நாள் 42,000, பத்தாம் நாள் 1.6 லட்சம். "ஏறிடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றார் அப்பா. நிறுத்தவில்லை, வாரா வாரம் கவுன்ட் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தோம்.