வாள் முளைத்த பெண் மீன்

கோண்டாவிலில் இருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரெண்டு தரம் குட்டி போட்ட சுவோட்டெயில் பெண் மீனுக்கு இப்ப வாலிலை வாள் முளைச்சிருக்கு. அது ஆணாய் மாறிட்டுதோ? இப்பிடி மீன் வீட்டிலை இருக்கக் கூடாதெண்டு அயலிலை சொல்லுகினம்."

மீனால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் வராது. தயவுசெய்து அதைக் கொண்டுபோய் எறிந்துவிடாதீர்கள். அது ஆணாக மாறியும் இராது. வயது போய்ச் சூலகம் பழுதடைந்த பெண் மீனில் ஆண் ஓமோனின் கை ஓங்கும். அப்போது வாள் முளைக்கும். பெண் வாள்வால் (சுவோட்டெயில்) மீன் ஆணாகிப் பிறகு குட்டிகளுக்குத் தகப்பனும் ஆகும் என்ற கதை மீன் வளர்ப்பவர்களிடையே நெடுங்காலமாக உலாவுகிறது. அதில் பெரும்பகுதி பிந்திப் பருவமடையும் ஆண்களால் வந்த குழப்பம். அவை மாதக்கணக்காகப் பெண் போலவே பெருத்து வளர்ந்து, பிறகு திடீரென்று வாள் விடும். குட்டி போட்ட உங்கள் மீன் அந்த வகை அல்ல.

ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரு ஸ்டீரோயிட். கொழுப்பில் கரைவதால் கலமென்சவ்வைத் தாண்டி உள்ளே போய், தனக்குரிய வாங்கிப் புரதத்தோடு சேர்ந்து, கலத்தின் கருவிலே சில பரம்பரை அலகுகளை இயக்கிவிடும். மீன்களில் அதிலிருந்து உண்டாகும் 11-கீற்றோடெஸ்டோஸ்டிரோனும் முக்கியமானது. இதுவரை பள்ளிப் பாடந்தான்.

இனித்தான் அருமையான இடம். ஓமோன் குருதியோடு வாற்செட்டை முழுவதுக்கும் போகிறது. செட்டையைத் தாங்கும் குச்சிகளான கதிர்களில், மேற்கதிருக்கும் கீழ்க்கதிருக்கும் ஒரே குருதி, ஒரே ஓமோன். பிறகேன் கீழ்ப்பக்கத்துச் சில கதிர்கள் மட்டும் வாளாக நீளுகின்றன?

செட்டைக் கதிரை வில்லையால் பாருங்கள். ஒரு கதிர் என்பது குவித்த இரண்டு உள்ளங்கைகளை எதிரெதிரே வைத்தாற்போன்ற இரு அரைக்கதிர்கள். நடுவே நரம்பும் குருதிக்குழாயும் ஓடும். அரைக்கதிர் ஒவ்வொன்றும் சிறு என்புத் துண்டுகளால் ஆனது. துண்டுக்கும் துண்டுக்கும் இடையே இணையம் இருப்பதால் செட்டை வளைந்து கொடுக்கும். வளர்ச்சி நுனியிலே மட்டும் நடக்கும். புதுத் துண்டு நுனியில் சேரும். பழைய துண்டு தடிக்கும், ஆனால் நீளாது. ஆகவே வாள் என்பது, கீழ்க்கதிர்களின் நுனியிலே துண்டு சேர்வது மற்றக் கதிர்களைவிட வேகமாக நடப்பதன் விளைவு.

வாள் வரும் இடத்தை ஓமோன் தீர்மானிப்பதில்லை. கதிரின் அடி தீர்மானிக்கிறது. ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஒட்டுச் சோதனை 2008இல் வெளியானது. வாள் விடும் கீழ்க்கதிர்களின் அடியிலிருந்து சிறு இழையத்தை எடுத்து வாலின் மேற்பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே, வழமையாக வாளே விடாத கதிர்கள் நீண்டன. வாளுக்குரிய நிறமும் வந்தது. எவ்வளவு அழகான சோதனை! எங்கே வாள் வரவேண்டும் என்ற குறிப்பு கீழ்க்கதிரின் அடியில் ஏற்கெனவே இருக்கிறது. பெண்ணிலும் அது இருக்கிறது, ஓமோன் கிடைக்காமல் சும்மா கிடக்கிறது. 2021இல் வந்த இன்னோர் ஆய்வு, வாள் வளரும் கதிர்களில் கேசிஎன்எச்8 என்ற பரம்பரை அலகு கூடுதலாக இயங்குவதைக் காட்டியது. அது செய்வது கலமென்சவ்வில் பொற்றாசியம் அயன்களுக்கான ஒரு வாயிலை. வரிக்குதிரை மீனிலும் பொற்றாசிய வாயில் ஒன்று திரிபடைந்தால் செட்டை அளவு கடந்து நீளும். ஒரு செட்டை எங்கே நிற்கவேண்டும் என்பதை கலத்தின் மின்னேற்றம் சொல்கிறதென்றால், அதைவிட வியப்பான செய்தி எனக்குத் தெரியவில்லை.

இதே ஓமோன் குதச்செட்டையில் வேறு வேலை செய்கிறது. அங்கே 3, 4, 5ஆம் கதிர்கள் நீண்டு, தடித்து, நுனியில் கொளுக்கிகள் வைத்துப் புணர்ச்சி உறுப்பாகும். அது முழுமையடைந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். வாளோ தொடர்ந்து வளரும்.

இந்த அறிவு வியாபாரத்துக்கும் போயிருக்கிறது. திலாப்பியாக் குஞ்சுகளை எல்லாம் ஆணாக்க, ஒரு கிலோ தீனுக்கு 60 மி.கி. மெதைல்டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை ஆண் ஓமோனை அற்ககோலில் கரைத்துக் கலந்து, அற்ககோல் ஆவியாகும்வரை உலரவிட்டு, 21 முதல் 28 நாள் கொடுப்பார்கள். குஞ்சு தானாகத் தீன் எடுக்கத் தொடங்கும்போதே ஆரம்பிக்கவேண்டும். பிந்தினால் பெண்கள் மிஞ்சும். அளவைக் கூட்டினால் இன்னும் நல்லதென்று நினைப்பது பெரிய பிழை. மிகையான ஆண் ஓமோனை அரோமற்றேஸ் நொதியம் பெண் ஓமோனான ஈஸ்திரசனாக மாற்றும். பெண்தன்மை திரும்பவும் தலைதூக்கும். அலங்கார மீன்களுக்கு நிறமேற்ற இதைக் கொடுப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். வாங்குபவருக்குக் கிடைப்பது பளிச்சென்ற, ஆனால் குட்டி போடாத மீன். அந்த மருந்து தோலாலும் ஊறும். கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது, கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது. மருந்து கொடுத்த தொட்டித் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றுவது அதைவிட மோசம். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்கு இறங்க நெடுநேரம் எடுக்காது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவின் புளோரிடாவில் காகித ஆலைக் கழிவு விழும் ஆற்றில் பெண் நுளம்புமீன்களின் குதச்செட்டை ஆணைப்போல நீண்டிருப்பதை 1980இல் எழுதினார்கள். நுளம்புக் குடம்பிகளை அழிக்க எங்கள் கிணறுகளில் விடும் கப்பியும் அதே குடும்பம், அதே செட்டை. தண்ணீரில் இப்படி ஏதும் கலந்திருக்கிறதா என்று அறிய, கப்பிப் பெண்களைப் பிடித்துச் செட்டை பார்க்க ஒரு வில்லையும் அளவுகோலும் போதும். விலை கூடிய கருவிக்காகக் காத்திராமல், பாடசாலை விஞ்ஞான மன்றங்களுக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் இதற்குச் சிறு நிதி ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோண்டாவில் வாசகருக்கு: மீனைக் கண்ணாடிப் போத்தலில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். குதச்செட்டை விசிறிபோல விரிந்திருந்தால் பெண்தான். ஒடுங்கிக் குச்சிபோல நீளத் தொடங்கியிருந்தால் ஆண் ஓமோன் அங்கும் எட்டிவிட்டது. புதிதாக வாங்கும்போது, வயிறு பெருத்து, குதத்தருகே கரும்புள்ளியும் தெரிந்து, வாலில் வாளும் இருந்தால் வாங்காதீர்கள்; அது ஓமோன் கொடுத்த பெண்ணாக இருக்கலாம். ஓமோன் நின்றால் வாள் மேலே வளராது. ஏற்கெனவே உண்டான என்புத் துண்டுகள் அப்படியே இருக்கும். ஆகவே உங்கள் மீனின் வாள் சுருங்குமென்று காத்திருக்க வேண்டாம். தீனைப் போட்டு வழமைபோல வளருங்கள்.