பச்சிளங்குழந்தைக்குக் குடலிறக்கம்: மூடாமல் போன குழாய்

குழந்தை வீறிட்டு அழும்போது தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் ஒரு புடைப்பு எழும்பும். தூங்கியதும் இருந்த இடம் தெரியாது. டாக்டரிடம் காட்டும்போதும் பல நேரம் மறைந்திருக்கும். அதனால் புடைத்திருக்கும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

பெரியவர்களுக்கு வயிற்றுத் தசை தளர்ந்து குடல் இறங்குவது உண்டு. குழந்தையின் தசையில் குறை இல்லை. ஆண் சிசுவின் விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, கருவின் கடைசி மாதங்களில் விதைப்பைக்கு இறங்குகின்றன. அந்தப் பாதையில் வயிற்றின் உள்சவ்வும் ஒரு குழாயாக நீள்கிறது. விதை இறங்கிய பிறகு அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முக்கும்போதும் அழும்போதும் குடல் அந்தக் குழாய்க்குள் நழுவும். வலது விதை சற்றுப் பிந்தி இறங்குவதால் வலப்பக்கமே அதிகம். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். பெண் குழந்தைக்கும் வரும். அங்கே சினைப்பையே இறங்கியிருக்கலாம்.

இந்த வகை தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. குடல் சிக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும். பிறந்த முதல் வருடத்தில்தான் இந்த ஆபத்து மிக அதிகம். புடைப்பு கல்போல இறுகி உள்ளே போகவில்லை, அழுகை அடங்கவில்லை, பச்சையாக வாந்தி என்றால் பால்கூடக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டில் அமுக்கிப் பார்க்காதீர்கள். மருத்துவமனையில் வலி தணிய மருந்து கொடுத்து, மெல்ல அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். குடல் கெட்டுப்போனதற்கான அறிகுறி இருந்தால் தள்ளாமல் நேரே அறுவைதான். உள்ளே போய்விட்டால், வீக்கம் வடிய ஓரிரு நாள் விட்டு அறுவை செய்வார்கள்.

மடிப்பை ஒட்டிச் சிறிதாகக் கீறினால் உள்ளே வெங்காயச் சருகு போன்ற மெல்லிய பை தெரியும். அதன்மீதே விந்துக் குழாயும் விதைக்கான ரத்தக் குழாய்களும் ஒட்டியிருக்கும். அவற்றைக் கிள்ளாமல், நசுக்காமல் மயிரிழையாகப் பிரித்தெடுப்பதில்தான் குழந்தை அறுவை நிபுணரின் கை தெரியும். பிறகு பையை அடியில் நூலால் கட்டி வெட்டிவிடுவார். பெரியவர்களுக்குத் தசையைத் தாங்க வைக்கும் வலை தேவையில்லை, தசை நன்றாகவே இருக்கிறதே! சிறு துளை வழியே கேமரா செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறையிலும் செய்வதுண்டு.

குறைமாதக் குழந்தைக்கு எப்போது செய்வது என்பது நெடுநாள் விவாதம். மயக்க மருந்துக்குப் பின் அவர்களுக்கு மூச்சு நின்று நின்று வரக்கூடும். 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருத்துவமனையிலிருந்து அனுப்புவதற்கு முன்பே அறுவை செய்தவர்களில் 28 சதவீதத்தினருக்குக் கடும் பாதிப்பு வந்தது. தள்ளிப்போட்டவர்களில் 18 சதவீதம். ஆனால் அந்தத் தள்ளிப்போடல் கண்காணிப்போடு நடந்தது. குடல் சிக்கினால் உடனே அறுவை.

தொப்புள் புடைப்பு வேறு. அதில் குடல் சிக்குவது அபூர்வம். பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே மூடிவிடும். அதன்மேல் காசு வைத்துக் கட்டும் பழக்கத்தால் துவாரம் சீக்கிரம் மூடாது. தோல் புண்ணாகிச் சீழ் பிடிப்பதுதான் மிச்சம். தயவுசெய்து கட்டாதீர்கள்.