ஸ்கோரை விடுங்கள், ரிப்போர்ட்டைத் திறந்து படியுங்கள்

"சார், சிபில்ல அடி வாங்கிருச்சுங்களாம். கொஞ்சம் ஏத்திக் குடுக்க முடியுங்களா?"

வங்கியின் கடன் பிரிவில் இருந்த காலத்திலும் சரி, ஓய்வுக்குப் பிறகு ஈரோட்டில் கடன் ஆலோசனை சொல்லும் இப்போதும் சரி, என் காதில் அதிகம் விழும் கேள்வி இதுதான். "ரிப்போர்ட் பார்த்தீங்களா?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். செல்போனில் ஏதோ ஒரு ஆப் ஸ்கோர் 642 என்று காட்டியிருக்கும். வங்கியில் "சிபில் சரியில்லைங்க" என்று ஒரு வரியில் அனுப்பியிருப்பார்கள். அந்த 642 எங்கிருந்து வந்தது என்பது ரிப்போர்ட்டுக்குள் பக்கம் பக்கமாக எழுதிக் கிடக்கும். அதைத் திறக்கத்தான் ஆளில்லை.

சிபில் அரசு அலுவலகம் என்று நினைத்து கலெக்டரிடம் மனு கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். யார் கடனை எப்படிக் கட்டினார் என்ற பதிவுகளைத் திரட்டி வைக்கும் தனியார் நிறுவனம் அது, 2000-ல் தொடங்கியது. இன்றைய பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். இதே வேலையை எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் செய்கின்றன. நான்கும் 2005-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்றவை. நாட்டில் கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்த நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 2015-ல் உத்தரவு வந்தது. அப்படியும் ஒன்றில் 760 இருந்து இன்னொன்றில் 690 இருந்தால் பதற வேண்டாம். ஆளுக்கொரு கணக்கு முறை வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த நிறுவனங்கள் உங்களைப் பற்றி எதையும் தாங்களாகக் கண்டுபிடிப்பதில்லை. நீங்கள் கடன் வாங்கிய இடம் என்ன எழுதி அனுப்பியதோ, அதை அடுக்கி வைக்கின்றன. அதிலிருந்து 300 முதல் 900 வரை ஓர் எண் போடுகின்றன. மார்க் போட்டது வாத்தியார். மார்க் ஷீட் அச்சடித்தவரிடம் போய் நின்று பயனில்லை. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் அவர்கள் முடிவு செய்வதில்லை. 750 இருந்தால்தான் கடன் என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதியும் அல்ல. ஒவ்வொரு வங்கியும் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட கோடு அது.

ரிப்போர்ட்டை எடுப்பது எப்படி? நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கோரோடு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் உரிமை இது. அவரவர் இணையதளத்திலேயே எடுக்கலாம். மாதச் சந்தா கட்டச் சொல்லி ஒரு பக்கம் வந்து நிற்கும். அதைத் தாண்டிப் போனால் இலவச வழி இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று எடுத்தால் வருஷம் முழுக்க ஒரு கண் வைத்திருந்த மாதிரி ஆயிற்று. நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையும் என்பது வெறும் பயம். கடனுக்கு விண்ணப்பித்து வங்கி எடுத்துப் பார்த்தால்தான் அது விசாரணை என்று பதிவாகும். இந்த இடத்தில் கடன் ஏஜென்ட்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். "எங்க கிடைக்குதோ அங்க வாங்கிக்கலாம் சார்" என்று ஒரே வாரத்தில் ஐந்தாறு இடத்துக்கு உங்கள் பான் எண்ணை அனுப்பி வைப்பார்கள். அத்தனையும் ரிப்போர்ட்டில் வரிசையாக நிற்கும். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? பணத்துக்கு அலைகிற ஆள் என்றுதான்.

சரி, ரிப்போர்ட் கைக்கு வந்தாயிற்று. முதலில் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி. இதையெல்லாம் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். நம் ஊரில் கோளாறு தொடங்குவதே இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டில் அப்பா பெயர் பின்னால் நிற்கும், ஆதாரில் இனிஷியல் முன்னால் நிற்கும், பழைய வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. எஸ். முருகன் என்ற பெயரில் ஒரு தாலுக்காவுக்குள்ளேயே எத்தனை பேர் இருப்பார்கள்! போதாததற்கு, ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் போட்டுக் கொடுத்தது. மே, ஜூன் மாதங்களாகப் பார்த்து எழுதி வைத்திருப்பார்கள். பெயரும் தேதியும் ஒத்துப்போய், கடன் கொடுத்த இடத்தில் பான் எண்ணைச் சரியாகப் பதியாமலும் விட்டிருந்தால், யாரோ ஒருவருடைய டிராக்டர் கடன் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் தலையில் வந்து உட்காரும். இந்த ரகக் கேஸ்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன.

அடுத்து கணக்குகளின் பட்டியல். கடைசி 36 மாதங்களுக்கு, மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தில் 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030 என்றால் தவணைத் தேதி தாண்டி 30 நாள் ஆகிவிட்டது. 90 நாளைத் தாண்டினால் அது வாராக் கடன் கணக்கில் போகும். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றிருந்தால் அந்த மாதம் வங்கி தகவல் அனுப்பவில்லை என்று பொருள். அதற்காகக் கலங்க வேண்டாம். ஸ்கோரைக் கீழே இழுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டங்கள்தான்.

அதில் வரும் கணக்குகளைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் அதிகம். "இது என் கடனே இல்லைங்க, நான் ஜாமீன் கையெழுத்துதான் போட்டேன்" என்பார் ஒருவர். ஜாமீன் போட்ட கடனும் உங்கள் ரிப்போர்ட்டில் உங்கள் பெயரில் நிற்கும். பள்ளி ஆசிரியர்கள், போக்குவரத்துக் கழக ஊழியர்கள் மத்தியில் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடுவது பெரிய பழக்கம். கடன் வாங்கியவர் கட்டாமல் விட்டால், வீடு கட்ட நீங்கள் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். கல்விக் கடனும் அப்படித்தான். பையன் பெயரில் வாங்கினாலும் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தள்ளிப் போடப்படும், வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். "வேலை கிடைச்சா கட்டிக்கலாம்" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தவணை தொடங்கும் தேதி வேலைக்காகக் காத்திருக்காது. ஒரே கடன் இரண்டு ரிப்போர்ட்டுகளைக் கெடுக்கும்.

நகைக் கடனும் வரும். "நகைதான் அவங்ககிட்டயே இருக்கே" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வட்டி கட்டாமல் கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போவது ஒரு பக்கம், பாக்கி என்று ரிப்போர்ட்டில் ஏறுவது இன்னொரு பக்கம். மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் தனிக் கணக்காகவே இருக்கும். செல்போன், வாஷிங் மெஷினுக்கு வட்டியில்லாத் தவணை என்று கடையில் போட்டுக் கொடுப்பதும் கடன்தான். அக்கம்பக்கத்தில் வாங்கும் கைமாற்று, தண்டல் இவையெல்லாம் வராது. கரண்ட் பில், சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் குறைந்தது, உங்கள் சம்பளம், வங்கியில் கிடக்கும் டெபாசிட், இவையும் வராது. அதனால்தான் ஐம்பது லட்சம் டெபாசிட் வைத்திருப்பவருக்கு ஸ்கோரே இல்லாமல் போகிறது.

கிரெடிட் கார்டைப் பற்றி ஒரு சங்கதி. பயன்படுத்தாமல் அலமாரியில் போட்டுவைத்த கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோடு 590 ரூபாய் விழும். கடிதம் பழைய முகவரிக்குப் போகும். அது அபராதம், வட்டி என்று வளர்ந்து ஒரு நாள் வீட்டுக் கடனை நிறுத்தும். வேண்டாத கார்டை எழுதிக் கொடுத்து மூடுங்கள். பாக்கி ஏதும் இல்லையென்றால் ஏழு வேலை நாளில் மூடியாக வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இதைச் சொன்னாலே கஸ்டமர் கேரின் குரல் மாறும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் செட்டில்மெண்ட். ஒரு லட்சம் பாக்கி. வசூல் ஏஜென்ட் வந்து, "நாப்பதாயிரம் கட்டுங்க, மேட்டர் க்ளோஸ்" என்கிறார். நகையை விற்றுக் கட்டுகிறார்கள். க்ளோஸ் என்று அவர் வாயால்தான் சொன்னார். ரிப்போர்ட்டில் விழுவது "செட்டில்டு". முழுத் தொகையையும் இவர் கட்டவில்லை, மீதியை நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்பதுதான் அதன் பொருள். அடுத்த வங்கிக்காரர் அதைப் பார்த்தவுடன் கோப்பை மூடிவிடுவார். இந்தத் தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. வேறு வழியே இல்லாதவர்கள் செட்டில்மெண்ட் செய்யத்தான் வேண்டும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்தவர்கள் அபராத வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேசி, அசலை முழுதாகக் கட்டி, கணக்கு "க்ளோஸ்டு" என்று பதிவாகும் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே செட்டில்மெண்ட் செய்தவர்கள் விட்டுப்போன தொகையைக் கட்டி அதை மாற்றித் தரச் சொல்லி வங்கியைக் கேட்கலாம்.

தப்பு இருந்தால் என்ன செய்வது? ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம், கட்டணம் இல்லை. கூடவே, தப்பாக எழுதி அனுப்பிய வங்கிக்கும் ஆதாரங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ஓசி (பாக்கி இல்லை என்று வங்கி தரும் சான்று), கடைசித் தவணை ரசீது, பான் நகல் போதும். வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. கேட்கவேண்டிய முதல் ஆள் வங்கிதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். 30 நாளைக்குள் தீர்க்க வேண்டும். அதில் 21 நாள் வங்கிக்கு, மீதி தகவல் நிறுவனத்துக்கு. தாண்டினால் யார் தாமதித்தார்களோ அவர்கள் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது அமலில் இருக்கிறது. இந்த இழப்பீட்டில் ஒரு விலக்கும் உண்டு: ஸ்கோரை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற சண்டைக்கு அது கிடையாது. தப்பான தகவலுக்குத்தான். அந்த எண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள் என்று நான் சொல்வதை விதியே வேறு வார்த்தையில் சொல்கிறது.

புகார் கொடுத்த மறுநாளே ஸ்கோர் ஏறாது. வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை தகவலைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. திருத்தம் ஏறியதும் மீண்டும் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். "ஐயாயிரம் குடுங்க, ஒரு வாரத்துல சிபிலை 800 ஆக்கித் தரேன்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் செய்வதும் இதே இலவசப் புகாரைத்தான். அது கூடப் பரவாயில்லை. உங்கள் பான், ஆதார், ஓடிபி எல்லாம் அவர்கள் கையில் போகிறது. புதிதாக ஒரு கடன் உங்கள் பெயரில் முளைக்க அது போதும்.

கடனே வாங்காதவர்களுக்கு வருவோம். ரிப்போர்ட்டில் மைனஸ் 1 என்றோ என்ஹெச் என்றோ இருக்கும். அது கெட்ட பெயர் அல்ல, பெயரே இல்லை என்பதுதான். முதன்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை 2025 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் மக்களவையில் எடுத்துச் சொன்னது. கிளையில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னவுடன் பாதி மறுப்புகள் மறுபரிசீலனை ஆகிவிடும். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

வேலை தேடும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பொதுத்துறை வங்கி, கடன் வரலாறு சரியில்லை என்று அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது சரியே என்றது. வேலை அறிவிப்பு வந்தபோது பாக்கி எதுவும் இல்லை, எல்லாம் கட்டியாயிற்று என்ற வாதம் எடுபடவில்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அறிவிப்பு வந்த பிறகு ரிப்போர்ட் எடுத்தால் தாமதம். கல்லூரிக் காலத்தில் ஆப்பில் வாங்கிய மூவாயிரம் ரூபாய் கடன் எங்காவது திறந்தே கிடக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இருந்தால் முழுதாகக் கட்டி என்ஓசி வாங்குங்கள். தப்பென்றால் புகார் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. இணையத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 14448-க்கு அழைத்துக் கேட்கலாம்.