தராசை மாடிக்கு ஏற்றினால் எடை குறையுமா?

மருந்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தரைத்தளத்தில் சரியாக இருந்த மின்னணுத் தராசை நான்காம் மாடிக்கு மாற்றியிருந்தார்கள். அதன் பிறகு 200 கிராம் படிக்கல்லை வைத்தால் 199.9992 என்று காட்டுகிறதாம். கல் தேய்ந்துவிட்டதா, தராசு பழுதா என்று கவலையோடு கேட்டார்கள்.

நேரில் போய், தராசு சமமாக நிற்பதைக் காட்டும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். தராசைப் போதிய நேரம் ஓடவிட்டு, கல்லை மறுபடி வைத்தேன். அதே 199.9992. கல்லிலும் குறையில்லை, தராசிலும் குறையில்லை. ஏறக்குறைய 13 மீட்டர் மேலே வந்ததில் பூமியின் இழுப்புதான் அந்தச் சிறு அளவு குறைந்திருந்தது.

எடைக்கருவிகளைச் சோதித்துத் திருத்துவது என் தொழில். எல்லாத் தராசும் நிறையைத்தான், அதாவது இடம் மாறினாலும் மாறாத பொருளின் அளவைத்தான், அளக்கிறது என்ற எண்ணத்தை அடிக்கடி சந்திக்கிறேன். இரு தட்டுத் தராசு பொருளைக் கல்லோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் குறையும், முள் அசையாது. மின்னணுத் தராசும் வில் தராசும் தட்டை அழுத்தும் விசையை அளந்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகின்றன. அந்தக் கணக்கு, கடைசியாகத் திருத்திய இடத்தின் ஈர்ப்புக்குத்தான் பொருந்தும்.

இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறுவது 1672-லேயே கண்ணில் பட்டது. பாரிஸிலிருந்து ஊசல் கடிகாரத்தோடு தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். கயேன் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. அங்கே பூமி சற்றுப் புடைத்திருப்பதால் தரை மையத்திலிருந்து விலகி நிற்கிறது. சுழற்சியும் எடையைக் கொஞ்சம் குறைக்கிறது. கடல் மட்டத்தில் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780 மீ/வி², துருவத்தில் 9.832 மீ/வி². ஓரிடத்தில் திருத்திய தராசை மற்றதற்குக் கொண்டுபோனால் ஒரு கிலோ கல்லில் ஏறக்குறைய 5 கிராம் வித்தியாசம் தெரியும்.

உயரத்தால் வரும் குறைவு சிறியது: ஒரு கிலோமீட்டருக்குப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. ஏனென்றால் தூரத்தைத் தரையிலிருந்து அல்ல, 6,371 கிலோமீட்டர் கீழே இருக்கும் மையத்திலிருந்து கணக்கிட வேண்டும். அதே அளவு மேலே போய்த் தூரம் இரட்டித்தால்தான் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும். விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்று படித்தவர்களே சொல்லக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் தரையில் உள்ள ஈர்ப்பில் 89 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் வீரர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால் மிதக்கிறார்கள்.

நிறை கூடினால் ஈர்ப்பு கூடும், உண்மைதான். ஆனால் பூமியைப் போல 95 மடங்கு நிறையுள்ள சனியின் மேக உச்சியில், ஈர்ப்பு நம்முடையதை ஒட்டியே இருக்கிறது. அதன் பருமன் அவ்வளவு பெரிது.

வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவிக்கு மாடி மாறினால் ஒன்றும் ஆகாது. மில்லிகிராமில் மருந்து நிறுக்கும் இடத்தில் அப்படி விட முடியாது. தராசை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு நகர்த்தினாலும், அங்கேயே படிக்கல் வைத்து மறுபடி திருத்துங்கள். அந்தக் கூடத்துத் தராசை அன்றே திருத்தினேன், 200.0000 காட்டியது. அதில் ஒட்டிய சீட்டில் தேதியோடு அறை எண்ணையும் எழுதிவிட்டு வந்தேன்.